கடைக்கணக்கில் ஒரு மலைநாட்டு வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கே கோயிலைத் தேடுவர்; கல்வெட்டைத் தேடுவர்; ஆண்டவன் யார், வென்றவன் யார், வீழ்ந்தவன் யார் என்று வினவுவர். அவ்வூரின் கடைக்குள் நுழைந்து, தராசு யார் கையில் இருக்கிறது, மூட்டையில் என்ன அரிசி இருக்கிறது, கடன் கொப்பியில் யாருடைய பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்ப்போர் மிகச் சிலர். ஆயினும் மக்கள் எதை உண்டனர், எதை உடுத்தனர், எந்த நாளில் கையில் காசு வைத்திருந்தனர், எந்த நாளில் கைநீட்டி நின்றனர் என்பனவற்றையெல்லாம் கடை அறியும். அரண்மனை அறியாது.

இக்காலத்து வணிகவியல் நூல்கள் ஒரு போதனையை ஓயாது செய்கின்றன. ஒரு கடை செழிக்க வேண்டுமானால் அவ்வட்டார மக்களின் பண்பாட்டை அறிய வேண்டும்; அவர்களின் திருநாள், மொழி, நாவின் சுவை, நம்பிக்கை ஆகியவற்றுக்கு இசைந்து நடக்க வேண்டும் என்கின்றன. இதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்நூல்கள் கேளாது விடும் கேள்வி ஒன்றுண்டு. மக்களின் பண்பாட்டை நன்கறிந்த கடையால் நன்மையடைந்தவர் யார்? கடைக்காரரா, மக்களா, அன்றி இருவருக்கும் மேலே இருந்த மூன்றாமவரா? இக்கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு இலங்கையின் மாத்தளை மாவட்டத்திலுள்ள எல்கடுவவுக்கு ஏறிச் செல்வோம்.

எல்கடுவ பெரிய ஊரன்று. ஹுன்னஸ் நீர்வீழ்ச்சி வீழும் மலைச்சாரலில், கண்டி மாவட்ட எல்லையை அடுத்து, தேயிலைத் தோட்டங்களுக்கும் மிளகு, கராம்பு, ஏலம் விளையும் நிலங்களுக்கும் நடுவே அமைந்த சிற்றூர். தோட்டத்து லயங்களில் தமிழ்த் தொழிலாளர். அடுத்த கிராமங்களில் சிங்கள விவசாயிகள். மலையிறங்கினால் உக்குவளையிலும் மாத்தளையிலும் முஸ்லிம் வணிகர். இத்தகைய இடத்திற் கடை நடத்துவோர் மூன்று பஞ்சாங்கங்களையும் இரண்டு மொழிகளையும் அறிந்திருக்க வேண்டும். மலைநாட்டுக் கடைத்தெருக்களில் தமிழ் பேசும் சிங்கள வணிகரும், சிங்களம் பேசும் தமிழ், முஸ்லிம் வணிகரும் இன்றும் சாதாரணக் காட்சி. அரசகரும மொழிச் சட்டம் வந்து பல்லாண்டுகள் ஆகியும் அரசாங்கக் கந்தோர்கள் செய்யத் தயங்கிய காரியத்தைக் கடைகள் எவ்விதச் சட்டமும் இன்றிச் செய்துவிட்டன. வயிற்றுப் பிழைப்பு நல்லாசிரியன்.

இக்கடைத்தெரு எவ்வாறு பிறந்தது? கதை கோப்பியிலிருந்து தொடங்குகிறது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாக்கியது. அவை தோட்டத்துரைமாருக்குக் குறைந்த விலையில் கைமாறின. எட்டே ஆண்டுகளில், 1848 இல், மாத்தளையில் கலகம் வெடித்தது. கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் தலைமை தாங்கிய அக்கலகத்துக்கு நிலப்பறிப்பு மட்டும் காரணமன்று. ஆள்பதி டொரிங்டன் பிரபு விதித்த புதிய வரிகளும் காரணம். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வண்டிக்கு வரி. அவற்றோடு கடைக்கும் வரி. சிறு கடைக்காரனையும் விவசாயியையும் ஒரே அணியில் நிறுத்திய பெருமை அவ்வரியையே சாரும். புரன் அப்பு அவ்வாண்டு ஆகஸ்ட் 8 ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கோப்பித் தோட்டங்களுக்கு இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த உழைப்பாளிகள் மன்னாரிற் கரையேறி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் மடிந்தோர் ஏராளம். பிழைத்து வந்தோருக்கு முதற் பெரிய ஊராக அமைந்தது மாத்தளை. அங்கே அவர்கள் வழிபட்ட மாரியம்மன் பின்னாளில் முத்துமாரியம்மன் கோயிலாக எழுந்து நின்றது. அதன் மாசிமகத் தேர்த்திருவிழா மலைநாடெங்கும் பேர் பெற்றது. ஆனால் கோப்பிக் காலத்தில் தோட்டத்தை நம்பி நிலையான கடை வைப்பது எளிதாக இருக்கவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். வாங்குவோரே ஆண்டில் பாதி நாள் இல்லாத இடத்தில் யார் கடை வைப்பர்? தலைச்சுமை வணிகமே அங்கு நடந்தது.

1869 இல் கோப்பி இலைநோய் தோன்றியது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மாண்டு தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து கொடுக்கும் செடி. ஆண்டு முழுவதும் கைகளைக் கேட்கும் செடி. ஆகவே தொழிலாளர் குடும்பமாக லயங்களிற் குடியமர்ந்தனர். அக்குடும்பங்களுக்கு நாள்தோறும் அரிசி வேண்டும், உப்பு வேண்டும், மிளகாய் வேண்டும், கருவாடு வேண்டும். 1880 இல் கண்டியிலிருந்து மாத்தளை வரை புகைவண்டி ஓடத் தொடங்கியதும் மூட்டைகள் மலையடிவாரம் வரை வந்து சேர்ந்தன. இவ்வாறு ஒரு செடியின் இயல்பு ஒரு கடைத்தெருவைப் படைத்தது. இதில் எந்த வணிகனின் மதிநுட்பத்துக்கும் பங்கு அதிகமில்லை.

ஆனால் அக்கடைத்தெருவிற் பெரிய கடை எது? அது கடையென்னும் பெயரே இல்லாத கடை. தோட்ட நிர்வாகத்தின் அரிசிக் களஞ்சியமே அது. தொழிலாளியின் முதன்மை உணவான அரிசியைத் தோட்டமே தருவித்து, தோட்டமே அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. இங்கிலாந்தில் கூலிக்குப் பதிலாகப் பண்டம் கொடுக்கும் முறையைத் தடைசெய்து 1831 இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். தம் நாட்டுத் தொழிலாளிக்குத் தீதென்று கண்டதை, தாம் ஆண்ட நாட்டின் தொழிலாளிக்கு உகந்ததென்று அவர்கள் கொண்டனர். 1927 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டத்தின்படி குறைந்தபட்சக் கூலி வகுக்கப்பட்டபோதும் அரிசியின் விலை அக்கூலியோடு சேர்த்தே கணக்கிடப்பட்டது. உயர்மலைத் தோட்டங்களில் அன்று ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். கூலியைத் தீர்மானிக்கும் கையே சோற்றின் விலையையும் தீர்மானிக்குமாயின், அங்கே சந்தை என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

நிர்வாகத்துக்கு அடுத்த படியில் பெரிய கங்காணி நின்றார். ஆள் திரட்டியவர் அவர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே. பல தோட்டங்களில் கடையும் அவருடையதாகவோ அவர் உறவினருடையதாகவோ இருந்தது. கடனோடு வந்த தொழிலாளி கடனோடு வாழ்ந்தான். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு அவன் போக வேண்டுமாயின் அவனது கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டுக் கடிதம் கைமாறிய போதெல்லாம் கடன் ஏறியதேயன்றி இறங்கவில்லை. இம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் துண்டை ஒழித்தது. கடன் கொப்பியை ஒழிக்கவில்லை.

இக்கட்டுகளுக்குள்ளும் மக்கள் வெறும் வாங்குவோராக இருந்துவிடவில்லை. கடையைத் தம் வாழ்க்கைக்கேற்ப அவர்கள் வளைத்தனர். மலைநாட்டுக் கடையின் ஆண்டு சனவரியிற் பிறப்பதில்லை. தைப்பொங்கலுக்குப் பச்சரிசியும் சர்க்கரையும்; மாசியில் காமன் கூத்துக்கு வேண்டிய வண்ணக் காகிதமும் அரிதாரப் பொருள்களும்; சித்திரையில் தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான புத்தாண்டு; தோட்டக் கோயில் திருவிழாவுக்குக் கர்ப்பூரமும் தேங்காயும்; எல்லாவற்றுக்கும் முடியாகத் தீபாவளி. தீபாவளி முற்பணம் என்னும் தொகை தோட்டத்திற் கொடுக்கப்படும் நாளை மாத்தளைப் புடவைக்கடைகள் பஞ்சாங்கத்தைவிட நுட்பமாக அறிந்திருந்தன. அம்முற்பணம் பின்வரும் மாதச் சம்பளங்களிற் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும் என்பதையும், ஆகவே அம்மாதங்களில் கடன் கொப்பி தடிக்கும் என்பதையுங்கூட அவை அறிந்திருந்தன. வாங்குவோரின் பண்பாட்டைக் கடை கற்றது உண்மையே. அதன் பின்னே, அவர்களுடைய சம்பளப் பதிவேட்டையும் அது மனப்பாடம் செய்தது.

சில்லறை அளவும் மக்கள் வகுத்ததே. மாதத்துக்கொரு முறை சம்பளம். அதிலும் பிடித்தம் போக எஞ்சியது சொற்பம். இத்தகையவர் மூட்டையாக வாங்குவது எங்ஙனம்? கொத்து அரிசி, கால் இறாத்தல் சீனி, ஒரு பிடி மிளகாய், ஒரு துண்டு கருவாடு என்று கடை பண்டங்களை உடைத்து விற்றது. தமிழகத்தில் கடலூர் சின்னிகிருஷ்ணன் சிறு பொட்டலத்தில் பண்டங்களை அடைத்து விற்கும் வழியைக் காட்டியபோதும், அவர் மைந்தர்கள் அவ்வழியே கூந்தற் கழுவியைக் கிராமந்தோறும் கொண்டு சென்றபோதும், வணிக உலகம் அதனை ஒரு கண்டுபிடிப்பென்று வியந்தது. வியப்பு நியாயமே. ஆனால் ஏழையின் கைக்காசு எவ்வளவோ அவ்வளவுக்கே பண்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் கலையைத் தோட்டப்புறக் கடைகள் அதற்கு நெடுங்காலம் முன்பே பயின்றிருந்தன. உடைத்து வாங்குபவன் இறாத்தலுக்கு அதிக விலை கொடுக்கிறான் என்பது இக்கலையின் மறுபக்கம். வறுமைக்கும் ஒரு வரி உண்டு. அதனை வசூலிப்பது அரசாங்கமன்று.

கடையின் இன்னொரு முகத்தை நாம் மறந்துவிடலாகாது. தோட்டம் வேலியிட்ட உலகம். வெளியார் உள்ளே வந்தால் அத்துமீறல் என்று வழக்கு. அவ்வேலியைத் தடையின்றிக் கடந்தவர் சில்லறை வணிகர் மட்டுமே. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பியபோது, புடவை வியாபாரி வேடத்திலேயே தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையக வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. துணிமூட்டை சுமந்தவனுக்குத் திறந்த கதவு நியாயம் கேட்பவனுக்குத் திறக்கவில்லை. பின்னர் அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தொழிலாளருக்கெனப் பாடல்களை அச்சிட்டுப் பரப்பினர். மலையகத்தின் முதற் பெரும் தொழிற்சங்கமான அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் 1931 இல் அவரது முயற்சியால் எழுந்தது. பத்திரிகை தோட்டத்து வாயிலைத் தாண்ட முடியாத காலத்தில், கடைத்தெருவில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்டனர். உப்பு வாங்கச் சென்றவன் உலகச் செய்தியோடு திரும்பினான்.

அதே தெருவில் தவறணையும் இருந்தது. சம்பள நாளில் அதனைவிடச் செழித்த கடை வேறில்லை. இலங்கையின் சாராயக் குத்தகையே அந்நாட்டு முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத்துக்குப் பேரூற்றாக அமைந்தது என்று வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தன தக்க சான்றுகளோடு எழுதியிருக்கிறார். தோட்டத்துப் பெண்ணின் சம்பளத்தையும் வீட்டு ஆணே பெற்றுவரும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தவள், அந்தக் காசு வீட்டுக்கு வருமா தவறணைக்குப் போகுமா என்று வாயிலில் நின்று பார்த்திருக்க வேண்டியதாயிற்று. ‘உள்ளூர்ப் பழக்கவழக்கத்துக்கு இசைந்து நடந்து வெற்றி கண்ட வணிகம்’ என்று போற்றுவோர் இதனையும் தம் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளட்டும்.

இனி ஓர் ஆண்டைக் குறிப்பிட வேண்டும், அது 1844. அவ்வாண்டு இரண்டு கடைகள் பிறந்தன. இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாகச் சிலர் தம் சிறு சேமிப்புகளைத் திரட்டி, டிசெம்பர் 21 ஆம் நாள் ஒரு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சீனி, மா, மெழுகுவர்த்தி ஆகிய சொற்பப் பண்டங்களே அங்கிருந்தன. ஆனால் கலப்படமில்லை, கள்ள நிறையில்லை. இலாபம் வாங்கியவர்களுக்கே வாங்கிய அளவுப்படி திரும்பியது. அதே ஆண்டு கண்டியில் வில்லியம் மில்ன் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் ஒரு பண்டகசாலையைத் தொடங்கினார். டேவிட் சைம் கார்கில் பின்னர் அதிற் பங்காளியாகச் சேர, அதுவே கார்கில்ஸ் என்று பேர் பெற்றது. முன்னது உழைப்பவர் தமக்கெனத் திறந்த கடை. பின்னது கோப்பித் துரைமாரின் இல்லங்களுக்கெனத் திறந்த கடை. கண்டிச் சாலைகளில் வெறுங்காலோடு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளி அக்கடையின் வாடிக்கையாளன் அல்லன். ஆனால் அங்கு செலவான ஒவ்வொரு பவுணும் அவன் உழைப்பில் விளைந்ததே.

ரொச்டேல் வழி நம்மவர்க்கு எட்டாததன்று. சென்னையில் 1904 இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்தியாவின் நுகர்வோர் கூட்டுறவுக்கு முன்னோடியாயிற்று. இலங்கையிலோ கூட்டுறவுக் கடையை மக்களிடம் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசி வரத்து அறுந்தது. 1942 முதல் பங்கீடு வந்தது. கிராமந்தோறும் சங்கக்கடைகள் எழுந்தன. மொத்தக் கொள்முதலுக்கெனக் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் 1943 இல் நிறுவப்பட்டது. கூப்பன் என்னும் சொல் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றாயிற்று. பதுக்கல்காரனிடமிருந்து ஏழையின் சோற்றைக் காப்பாற்றியதில் சங்கக்கடைக்குள்ள பங்கை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

எனினும் அவ்வியக்கம் தோட்டத்து வேலியருகே தயங்கி நின்றது. கிராமத்துச் சங்கக்கடையின் உறுப்பினர் கிராமத்தார். அதன் குழுவைத் தேர்ந்தோரும் அவர்களே. தோட்டத்திலோ பண்டம் நிர்வாகத்தின் வழியாகவே வந்தது. பிடித்தம் சம்பளப் பதிவேட்டிலேயே நடந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களின் பெரும்பகுதியினரை நாடற்றோராக்கியது. வாக்கில்லாதவனின் குறையைக் கேட்கக் கிராமத்து அரசியல்வாதிக்கு என்ன தேவை? 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. பண்டத்தைப் பங்கிடுவது போல் மாந்தரைப் பங்கிட்டனர். 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, நெல் விளைக்க ஒரு முழ நிலமும் இல்லாத தோட்டத்து மக்களே மிகக் கொடிய பட்டினிக்கு ஆளாயினர். 1974 இல் தோட்டங்களில் இறப்பு விகிதம் வெகுவாக உயர்ந்தது. மக்களுடைய கடை இல்லாத இடத்தில் பஞ்சம் எப்படி நுழையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பின்னாளில், 1990களில், தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அவையும் தோட்ட முகாமையாளரின் தலைமையின் கீழேயே இயங்கின. துரைத் தலைமையிலான கூட்டுறவு என்பது நம் சிந்தனைக்கு எளிதில் எட்டாத பொருள்.

பண்பாடு கடையை வளர்க்கும் என்கின்றனர். அது கடையை எரித்ததும் உண்டு. 1915 இல் கண்டியில் ஊர்வலத்தை முன்னிட்டுத் தொடங்கிய கலவரம் நாடெங்கும் முஸ்லிம் வணிகரின் கடைகளைச் சூறையாடுவதில் முடிந்தது. விலைவாசியால் எழுந்த சினத்துக்கு மதத்தின் ஆடை போர்த்தப்பட்டது. போட்டிக் கடைக்காரர்கள் அந்தச் சினத்துக்கு எண்ணெய் வார்த்தனர். 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழரின் கடைகள் தீக்கிரையாயின. முத்துமாரியம்மன் கோயிலும் அதன் தேர்களும் கூடத் தப்பவில்லை. 2018 மார்ச்சில் எல்கடுவவுக்கு மலைக்கு அப்பாலுள்ள திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் கொளுத்தப்பட்டன. எரிந்த கடையில் முந்தின நாள் வரை பற்று வைத்து வாங்கியவர்கள் எந்த இனத்தவர்? மூன்று இனத்தவரும்தாம். கடைத்தெருவின் அன்றாட நட்பு உண்மையானது. அதனை எரிக்க வெளியிலிருந்து வந்தவர்களின் வன்மமும் உண்மையானது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாறாகாது. கோயில் மீண்டும் எழுந்தது, தேர்கள் மீண்டும் ஓடின, கடைகள் சில மீண்டும் திறந்தன, சில திறக்கவில்லை.

அதே 1983 இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் கார்கில்ஸ் தன் முதற் பேரங்காடியைத் திறந்தது. துரைமாரின் கடை இப்போது பொதுமக்களின் கடையாக மாற முனைந்தது. 1999 இல் ஹங்குரன்கெத்தவில் விவசாயிகளிடமிருந்து நேரே காய்கறி வாங்கும் நிலையத்தை அது அமைத்தது. இடைத்தரகரின் பிடி ஓரளவு தளர்ந்ததை ஒப்புக்கொள்வதே நேர்மை. பின்னர் அதன் கிளைகள் நாடு முழுவதும் பரவின. விலைச்சீட்டு எல்லோருக்கும் ஒன்று. தராசிற் கைவரிசை இல்லை. வாங்குவோரின் சாதியையோ இனத்தையோ யாரும் கேட்பதில்லை. தோட்டத்து இளைஞர்கள் அங்கே விற்பனையாளராக வேலைக்கும் செல்கின்றனர். ஆனால் அங்கே பற்று எழுத முடியாது. தோட்டத் தொழிலாளியின் சம்பளம் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் தீர்ந்துவிடும் என்பதைப் பேரங்காடியின் கணக்குப் பொறி அறியாது. லயத்தருகே உள்ள சிறு கடை அறியும். இதனாற்றான் இத்தனை வளர்ச்சிக்குப் பின்னும் அச்சிறு கடை சாகவில்லை.

2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. மறு ஆண்டே பொருளாதாரம் சரிந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஆண்டாண்டாகப் போராடிப் பெற்ற உயர்வைக் கோதுமை மாவின் விலை சில மாதங்களில் விழுங்கிவிட்டது. தோட்டத்து மக்களின் காலை உணவும் பலவேளை இரவு உணவும் கோதுமை ரொட்டியே என்பதை அறிந்தோருக்கு இதன் பொருள் விளங்கும். அக்காலத்தில் சிறு கடைக்காரரும் மொத்த வியாபாரிக்குக் கைக்காசு கொடுத்தே மூட்டை எடுக்க வேண்டியிருந்தது; அவர் பற்றைக் குறைத்தால் லயத்தில் அடுப்பெரியாது, குறைக்காவிட்டால் கடை எரிந்ததற்கு ஒப்பாகும்.

எல்கடுவவைப் பொறுத்தமட்டில் இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றபின், அரசின் கையில் எஞ்சியவற்றுள் மூன்று: ஜனவசம என்னும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி. இம்மூன்றிலும் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டிய தொகை நெடுங்காலமாக நிலுவையில் விழுந்தது பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பலமுறை பேசப்பட்ட செய்தி. முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற மூதாட்டி தனக்குரிய பணத்துக்காகக் கந்தோர் கந்தோராக அலைகிறாள். அவள் உழைத்த நிறுவனம் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறது. அக்கடனுக்கு வட்டியுமில்லை, தவணையுமில்லை. கடைத்தெருவுக்கு இறங்கி வந்து அரை இறாத்தல் சீனியும் ஒரு பாணும் அவள் பற்றுக்கு வாங்கும்போது, கடன்காரி என்று கொப்பியில் எழுதப்படுவது அவளுடைய பெயர்.